முழுப் பரீட்சை லீவும் ஒரு ஜென்ட்ஸ் சைக்கிளும்

நேற்று காலை பால் வாங்க நின்றிருந்தபோது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சொன்னார்: "கொடுத்து வச்சவங்க டீச்சர் நீங்கள்லாம். வருஷா வருஷம் மே மாசம் முழுக்க வீட்டுல உக்காந்துக்கிட்டே சம்பளம்." நல்ல மனிதர்தான், வம்புக்குச் சொல்லவில்லை. நானும் சிரித்துவிட்டு இரண்டு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். காபி குடித்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வரும்.

உட்கார்ந்திருந்த மே மாதம் ஒன்றாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். வாக்காளர் பட்டியல், தேர்தல் வேலை, பயிற்சி வகுப்பு என்று லீவில் ஒரு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். மீதியை வீடு எடுத்துக்கொள்ளும். வத்தல், வடாம், மிளகாய், புளி, தலையணைப் பஞ்சு என்று பத்து மாதமாகத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் வாசலில் வரிசையாக வந்து நிற்கும். அப்படிப்பட்ட மே மாதங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1992. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே பேர், ஐந்து வகுப்பு. எனக்கு வயது 32. வீட்டில் மூன்று வயதுப் பையன், அவனைப் பார்த்துக்கொள்ள மாமியார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 7 கிலோமீட்டர். காலையில் ஏழேகால் பஸ், அதை விட்டால் பத்தே முக்கால். அதனால் ஏழேகாலுக்கு ஏறி, ஏழே முக்காலுக்கெல்லாம் பூட்டிய பள்ளிக்கூடத் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பேன். சாயந்திரம் நாலே காலுக்குப் பள்ளி விட்டால் திரும்பும் பஸ் ஆறு மணிக்கு. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸுக்காகவே போனது. பையன் முழித்திருக்கும்போது அவனைப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை என்று ஆகிவிட்டது.

அந்த வருஷ லீவுக்கு இரண்டு வேலை வைத்திருந்தேன். ஒன்று, ஓட்டு வீட்டுக்கு நாங்களே வெள்ளையடிப்பது. கூலிக்கு ஆள் வைக்கக் கையில் காசில்லை. இன்னொன்றை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளையடிப்பதில் என் குரு மாமியார். கல்சுண்ணாம்பைப் பெரிய மண்தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் உலை மாதிரி கொதிக்கும். பையனைத் தெருவுக்கே அனுப்பிவிட்டோம். கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் பழைய புடவையில் வடிகட்டி, கஞ்சித் தண்ணியும் ஒரு பிடி உப்பும் துளி நீலமும் கலந்தார்கள். கைக்குத் தேங்காயெண்ணெய். சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். பிறகு மட்டையைத் தோய்த்து அடித்தால், அடித்ததே தெரியாது. ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். எனக்கு அது புரியவில்லை. பத்தவில்லை என்று நினைத்து அதே இடத்தில் மேலே மேலே பூசினேன். மறுநாள் பார்த்தால் அந்தச் சுவர் மட்டும் அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் மட்டையால் சுரண்டி எடுத்துவிட்டு, "மெல்லிசா ரெண்டு தடவை அடி" என்றார்கள். அவ்வளவுதான். ட்ரெயினிங்கில் இரண்டு வருஷம் எனக்குக் கற்பித்தல் முறை சொல்லிக் கொடுத்தார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது வேலை சைக்கிள்.

அந்தச் சமயம் புதுக்கோட்டையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். அறிவொளி இயக்கம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. எழுத்துச் சொல்லிக் கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பாதிப் பேர் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பார் இருந்தால் முன்னால் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒரு ஜென்ட்ஸ் சைக்கிள் இருந்தது, என் கணவருடையது. அவர் எட்டு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். அதற்குள் எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

காலையில் கண்மாய்ப் பொட்டலில் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமியாரிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். (கோயிலுக்கு எதற்குச் சைக்கிள் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததே பதில் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.) பொட்டலில் நாலைந்து பெண்கள். அவர்களுக்குப் பழக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

என் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மா அவர். கல் குவாரியில் வேலை. அந்த ஜனவரியில்தான் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, தாழ்வாரத்தில் நிற்க வைத்து, பிள்ளைகள் எல்லாரும் பார்க்க, "உன் புள்ளைக்குப் படிப்பு வேணுமா, வேணாமா? வேணாம்னா சொல்லிடு" என்று கேட்டிருந்தேன். பையன் தினமும் பத்து மணிக்குத்தான் வருவான். தினமும் வாசலில் முட்டி போடுவான். "வேணும் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். என் வயதுதான் அவருக்கும். நான் "நீ" என்றுதான் பேசினேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை.

பொட்டலில் அவர் அதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "வாங்க டீச்சர், ஏறுங்க. நான் கேரியரைப் புடிச்சுக்கறேன்."

நான் மக்கு மாணவி. அதில் சந்தேகமே வேண்டாம். என்னோடு ஆரம்பித்தவர்கள் எல்லாரும் நாலாம் நாள் ஓட்டினார்கள். நான் பத்து நாளும் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, சக்கரம் போகிற பக்கமெல்லாம் போனேன். முழங்கையில் சிராய்ப்பு, புடவையில் செயின் மசி. பத்து வயதுப் பெண் பிள்ளைகள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அதில் இரண்டு பேர் எனக்கு வணக்கம் வேறு வைத்தார்கள். ஐந்தாம் நாள் வராமல் இருந்துவிட்டேன். ஆறாம் நாள் போனபோது அவர் "ஏன் வரலை" என்று கேட்கவில்லை. "கீழ பாக்காதீங்க டீச்சர். அந்த வேப்பமரத்தைப் பாருங்க" என்று ஆரம்பித்தார், முதல் நாள் போலவே.

பதினோராம் நாள் என்று நினைக்கிறேன். ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் கேரியரைப் பிடித்தபடி ஓடி வருகிறார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? லேட்டா வர்றான்னு எம் புள்ளைய முட்டி போட வைக்கிறீங்களாமே. லேட்டு அவன் இல்ல டீச்சர், நாந்தான். அஞ்சு மணிக்கே நான் குவாரிக்குக் கெளம்பிடுறேன். அவந்தான் தண்ணி புடிச்சு வச்சுட்டு, பாப்பாவ எழுப்பிக் கஞ்சி குடுத்து, பால்வாடி தெறக்குற வரைக்கும் வச்சிருந்து விட்டுட்டு வர்றான்."

பால்வாடி திறப்பது பத்து மணிக்கு. எனக்குத் தெரிந்த விஷயம்தான், பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தங்கை இருப்பதுதான் தெரியாது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பினால் விழுவேன். வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். என்ன பதில் சொல்வது என்று யோசித்து, "சொல்லியிருக்கலாம்ல" என்றேன். சொன்ன உடனே தெரிந்துவிட்டது, தாழ்வாரத்தில் நிற்க வைத்த நான் அவரைச் சொல்லவா விட்டேன்? பின்னாலிருந்து பதில் வரவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் காலடிச் சத்தமும் இல்லை என்று தெரிந்தது. அவர் எப்போதோ கையை விட்டிருந்தார்.

சந்தோஷப்பட நேரமில்லை. இறங்க யாரும் சொல்லித் தரவில்லையே! வேப்பமரத்தைத் தாண்டி, பொட்டலைத் தாண்டி, வண்டிப் பாதையில் கொஞ்ச தூரம் போய், கடைசியில் ஒரு கருவேலம் புதரில் போய்த்தான் நின்றேன். முள்ளை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்கும் மாமியார்தான், ஊசியும் விளக்கெண்ணெயும் வைத்துக்கொண்டு. எடுத்துக்கொண்டே கேட்டார்கள்: "எந்தக் கோயில்ல இவ்வளவு முள்ளு?" பிறகு அவர்களே, "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கத்துக்குவியா?" என்றார்கள்.

கடைசி வாரம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளிலேயே போய், ஊமத்தை இலையும் அடுப்புக் கரியும் அரைத்துக் கரும்பலகைகளுக்குப் பூசிவிட்டு வந்தேன். 7 கிலோமீட்டருக்கு முதல் நாள் ஐம்பது நிமிஷம் ஆனது. ஜூனில் முப்பதுக்கு வந்துவிட்டது. என் கணவர் ஒரு பழைய சைக்கிள் வாங்கிக்கொண்டு இதை எனக்கே விட்டுக்கொடுத்தார். காலையில் பையனுக்குக் கதை சொல்லிச் சாப்பாடு ஊட்டிவிட்டுக் கிளம்புவேன்.

பள்ளி திறந்த அன்று, அந்தப் பையன் பத்து மணிக்கு வந்தான். பழக்க தோஷம், வந்ததும் அவனாகவே வாசலில் முட்டி போடப் போனான். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்து, "நாளையிலேர்ந்து பாப்பாவையும் இங்கேயே கூட்டிட்டு வந்துடு" என்றேன். மறுநாள் ஒன்பதரைக்கு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அவள் ஒரு மூலையில் புளியங்கொட்டையை அடுக்கிக்கொண்டிருப்பாள், பத்து மணிக்கு யாராவது கொண்டுபோய்ப் பால்வாடியில் விடுவார்கள். தலைமையாசிரியர் முதலில் முணுமுணுத்தார். ஒரு நாள் பார்வைக்கு வந்த அதிகாரி, "இது எந்தக் கிளாஸ்?" என்று அவளைக் காட்டிக் கேட்க, அதே தலைமையாசிரியர், "அடுத்த வருஷ அட்மிஷன் சார், பாத்துட்டுப் போக வந்திருக்கு" என்றார். முட்டி போடச் சொல்வதை நான் அதோடு நிறுத்தினேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் போட வைத்த பிள்ளைகளின் கணக்கு என்னிடம் இல்லை.

பையன் பத்தாவது வரை படித்தான். இப்போது திருப்பூரில் இருக்கிறான். அந்தப் பாப்பா நர்ஸிங் முடித்தாள்.

நான் ஓய்வுபெற்ற அன்று பாராட்டு விழா வைத்தார்கள். சால்வை, மாலை, ஏகப்பட்ட பொய். எல்லாம் முடிந்து வெளியே வந்தால், பின் வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "நல்லாருக்கீங்களாக்கா?" என்று கையைப் பிடித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டார்:

"டீச்சர், இப்பவாச்சும் எறங்கத் தெரியுமா?"