சிவப்பு மாளிகையும் பெருநாள் விடுமுறையும்

சென்னைக்கு வந்து மண்ணடியில் உறவினர் இல்லத்தில் தங்குகிறீர்களா? ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்தால் பாரிமுனைவரை நடந்து சென்று வாருங்கள். மெட்ரோ ரயிலில் மண்ணடிக்கு அடுத்த நிலையமே உயர்நீதிமன்றம்தான். வெளியே வந்ததும் செந்நிற மாளிகையும் அதன் குவிமாடங்களும் உங்கள் கண்களை நிறைக்கும். 1862-ல் தொடங்கப்பெற்ற இந்நீதிமன்றம் 1892-ல் இம்மாளிகையில் குடியேறியது. இதன் உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் ஒளி வீசியது. நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்கள் 1979 முதல் 1981 வரை தலைமை நீதிபதியாக வீற்றிருந்ததும் இங்கேதான்.

மே மாதத்தில் சென்றால் நீங்கள் காண்பது வேறு காட்சி. கோடை விடுமுறை! அவசர வழக்குகளைக் கேட்கும் விடுமுறைக்கால அமர்வு மட்டுமே நடைபெறும். வழக்குரைஞர் அலுவலகங்கள் நிறைந்த தம்பு செட்டித் தெருவிலும் ஆர்மேனியன் தெருவிலும் நெரிசல் குறைந்திருக்கும். அங்கே கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, தேநீர்க் கடை ஓரம் நிற்கும் இளைஞர்களைச் சற்றே கவனியுங்கள். அவர்கள் புதிதாகப் பதிவு செய்துகொண்ட வழக்குரைஞர்கள். பட்டம் உண்டு, அங்கி உண்டு, வருமானம்தான் இல்லை!

"வேறு வேலை பார்க்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்காடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே, ஒரு சீனியரிடம் சேர்ந்து வழக்குக் கட்டுகளைச் சுமப்பதும், வாய்தா வாங்குவதும், மனு எழுதப் பழகுவதுமாக ஆண்டுகள் கழிகின்றன. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்கு அளிக்கப்பட வேண்டும் என்று 2024 ஜூனில் இதே நீதிமன்றம் வழிகாட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் இத்தகைய தொகையைப் பரிந்துரைத்தது. ஆனால் பரிந்துரை வேறு, கைக்கு வந்து சேரும் பணம் வேறு அல்லவா? போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் சீனியரிடம் பெறுவோருக்கு, விடுமுறையில் அதுவும் நின்றுபோகிறது.

பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னே நகரும் நம் பெருநாள்கள், சில ஆண்டுகளில் இவ்விடுமுறையோடு சேர்ந்துகொள்கின்றன. 2021-ல் மே 14 அன்றும், 2022-ல் மே 3 அன்றும் நோன்புப் பெருநாள் வந்ததை நினைத்துப் பாருங்கள். கீழக்கரைக்கோ காயல்பட்டினத்துக்கோ பேருந்து ஏறும் அந்தப் பிள்ளையின் மனநிலை எப்படி இருக்கும்? உம்மாவுக்குப் புடவை வாங்க வேண்டும். தங்கை பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்திருக்கும் மச்சான், "வக்கீல் சாப், மாதம் எவ்வளவு வருது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். தொழுகை முடிந்து முஸாபஹா செய்ய நீளும் கரங்களைக் கண்டு ஒதுங்கிச் செல்லும் அளவுக்கு அக்கேள்வி சுடும்.

பெற்றோர்களே, எண்ணிப் பாருங்கள்! மார்க்கம் ஃபித்ராவையும் குர்பானியையும் வசதியுள்ளோர் மீதே வைத்திருக்கிறது. இல்லாதவன் மீது செலவைச் சுமத்துவது நம் வழக்கங்களே. ஆகவே, "எவ்வளவு சம்பாதித்தாய்?" என்பதை விடுத்து, "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள். திரும்பும்போது அறை வாடகைக்கு ஒரு தொகையைப் பிறர் அறியாமல் கொடுத்தனுப்புங்கள். அது தருமமன்று, படிப்புக்குச் செய்த செலவின் தொடர்ச்சியே.

இளம் வழக்குரைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டம் குறைந்த விடுமுறைக்கால அமர்வில் அமர்ந்து வாதங்களைக் கேளுங்கள். வருமானத்துக்கு, நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்க விதி இடம் தருகிறது. ஊரில் இருக்கும் நாள்களில் பெரியவர்களின் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ்களைப் படித்துச் சிக்கலை எடுத்துச் சொல்லுங்கள். பெண்களுக்கு, அவர்தம் வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருக்கிறது. இச்செய்தியை அறியாத இல்லங்கள் எத்தனை! அதை எடுத்துச் சொல்லும் உங்கள் பெயரை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். நாளைய வக்காலத்துக்கு அதுவே வித்து.

இன்னொன்றும் அறிந்துகொள்ளுங்கள். உரிமையியல் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்க 3 ஆண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறுங்கையோடு நீங்கள் கழிக்கும் இந்த ஆண்டுகளுக்கும் கணக்கு உண்டு என்பதே இதன் பொருள்.

வாசகர்களே, அடுத்த முறை அச்சிவப்பு மாளிகையைக் கடக்கும்போது கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஸலாம் சொல்லி, ஒரு தேநீரும் வாங்கிக் கொடுங்கள். அவர்தம் பொறுமைக்கு வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!