குன்றிமணியினும் குறைவு

பொன்னை நிறுக்கக் குன்றிமணி உண்டு. பருத்தியை நிறுக்கப் படிக்கல் உண்டு. ஆனால், தோழர்களே, நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம் கதிரவனிடமிருந்து பாய்ந்து, நம் நகத்தளவு இடத்தினூடே நுழைந்து, தொட்டோம் என்ற தடயமும் வையாமல், நிலவுலகையே துளைத்து அப்பால் சென்றுவிடும் ஒரு துகளை எந்தத் தராசிலே ஏற்றுவது? நியூட்ரினோ என்பது அதன் பெயர்.

1930இல் வுல்ஃப்காங் பவுலி அதனைக் கணக்கிலேதான் கண்டார். அணுக்கரு சிதைந்து எலக்ட்ரான் வெளிப்படும்போது ஆற்றலில் ஒரு பகுதி காணாமற்போயிற்று. கண்ணுக்குப் புலப்படாத ஒன்று அதனைக் கொண்டு செல்கிறது என்றார். 1956இல் அமெரிக்காவின் சவானா ஆற்றங்கரை அணு உலையருகே ரைன்சும் கோவனும் அதனைப் பிடித்தே காட்டினர். எடையற்றது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1998இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வும், பின்னர் கனடாவின் சட்பரி ஆய்வும், நியூட்ரினோ செல்லும் வழியிலேயே தன் வகையை மாற்றிக்கொள்வதை மெய்ப்பித்தன. எடையே இல்லாதது அவ்வாறு மாற இயலாது. எனவே, எடை உண்டு. எவ்வளவு? அதை மட்டும் அவ்வாய்வுகள் கூறவில்லை.

கூற முனைந்திருப்பது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள காட்ரின் ஆய்வு. அங்கே நியூட்ரினோவை யாரும் துரத்துவதில்லை. அதன் பங்காளியைப் பிடித்து வைத்துக் கணக்குக் கேட்கிறார்கள்! ட்ரிட்டியம் சிதையும்போது குறிப்பிட்டதோர் ஆற்றலை எலக்ட்ரானும் நியூட்ரினோவும் பங்கிட்டுக்கொள்கின்றன. அண்ணன் எலக்ட்ரான் எத்துணைப் பேராசையுடன் அள்ளினாலும், தம்பியின் உடலாகவே ஆகிவிட்ட பங்கை அள்ள முடியாது. அள்ளியதின் உச்சத்தை அளந்தால், அள்ள முடியாமற்போனது தெரியும். அந்த உச்சத்தை நெருங்கும் எலக்ட்ரான்களோ பல லட்சம் கோடியில் ஒன்று.

அவற்றைப் பிரித்தெடுக்கும் கலம் 23 மீட்டர் நீளம், 10 மீட்டர் குறுக்களவு, 200 டன் எடை. டெக்கன்டார்ஃப் ஊரில் செய்தார்கள். சாலை வழி 400 கிலோமீட்டர்தான். ஆனால் அத்தனை பெரியதைச் சாலை தாங்காது. 2006இல் டான்யூப் ஆற்றில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று சுற்றி, ரைன் ஆற்றின் வழியே ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் பயணம்! இறுதியில் வீட்டுச் சுவர்களை உரசாத குறையாகத் தெருவிலே ஊர்ந்து வந்தது. ஊரே திரண்டு நின்று பார்த்தது. நாம் கண்ட தேர்களில் இத்தனை தொலைவு ஓடிய தேர் எதுவும் இல்லை.

விளைவு? எலக்ட்ரான் வோல்ட் அளவையில் 2019இல் 1.1க்குக் குறைவு என்றனர், 2022இல் 0.8 என்றனர், 259 நாட்களில் எண்ணிய 3 கோடியே 60 லட்சம் எலக்ட்ரான்களை ஆராய்ந்து, 2025இல் 0.45க்குக் குறைவு என்றனர். எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கும் தேறாது!

கலைப் பட்டம் பெற்று வரலாறு நடத்தும் நாம், அறிவியல் ஆசிரியர் வராத ஒரு நாளில் இதனை வகுப்பிலே சொன்னோம். "விடை எத்தனை, சார்?" என்றான் ஒரு மாணவன். "இதற்கும் குறைவு" என்றோம். எழுதிக்கொள்ள எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டான். ஆசிரியர் அறையில் நண்பரொருவர், "இத்தனை கோடி கொட்டி, 'இன்னும் தெரியவில்லை' என்பதா விடை?" என்று நகைத்தார். கோடிட்ட இடத்தை நிரப்பியே வளர்ந்த தலைமுறை நாம், வேறெப்படிக் கேட்போம்?

ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பியவர்களும் உண்டு. 1980இல் மாஸ்கோ ஆய்வுக்கூடமொன்று, ஏறத்தாழ 30 எலக்ட்ரான் வோல்ட் என்று எண்ணையே தந்தது. அது மெய்யானால் அண்டத்தின் நிறைக் கணக்கே மாறும், உலகம் பரபரப்படைந்தது. சூரிச்சிலும் லாஸ் அலமோசிலும் மீண்டும் அளந்தனர். அந்த 30 நிற்கவில்லை. அதை அன்றே பாடநூலில் அச்சிட்டிருந்தால் நம் மாணவன் மகிழ்ச்சியோடு எழுதியிருப்பான். முழு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பான். பொய்யான 30ஐவிட மெய்யான 'குறைவு' நமக்கு மேல். அதை நண்பரிடமும் சொன்னோம். அவர் இன்னும் ஒப்பவில்லை.

காட்ரினில் இருப்பது இரண்டிரண்டாய்ப் பிணைந்த ட்ரிட்டிய மூலக்கூறு. அந்தப் பிணைப்பின் ஆட்டமே அளவை மங்கச் செய்கிறது. தனித்தனி அணுவாகப் பிரித்து, கலத்தின் சுவரில் படாதபடி காந்தத்தாலேயே கட்டி நிறுத்தி அளக்க வேண்டும். அதற்கான வழியைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.