இடது கைக்கும் வேலை உண்டு

அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குத் தென்கரையில் இருக்கிறது வீராம்பட்டினம். அந்த ஆற்றங்கரையில் நின்று தூண்டில் வீசுகிறவனுக்கு முதுகுப் பக்கம் இடமே இருக்காது. தென்னை, அலையாத்திச் செடி, ஏற்றி வைத்த படகு, காயப்போட்ட வலை. ஃப்ளை தூண்டிலுக்கு இது பெரிய இடைஞ்சல். ஈயக்குண்டு கட்டிய தூண்டிலில் குண்டின் கனமே நரம்பை இழுத்துக்கொண்டு போய்விடும். ஃப்ளையோ கொக்கியில் சுற்றிய இறகும் நூலும்தான். அதற்குக் கனம் கிடையாது. தடித்த லைனின் கனத்தில்தான் அது பறக்க வேண்டும். வழக்கமான முறையில் அந்த லைனை முதலில் பின்பக்கம் முழுக்க நீட்டிவிட்டுத்தான் முன்னால் வீச முடியும்.

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றிலும் இதே சிக்கல் இருந்தது. மரம் அடர்ந்த மேட்டுக் கரையில் நின்று சால்மன் பிடித்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். லைனைப் பின்னால் நீட்டுவதில்லை. அதன் நுனியைப் பக்கத்துத் தண்ணீரில் படவைத்து, மீதி லைனைத் தோளுக்குப் பின்னால் வில்போல் வளைத்து, அப்படியே முன்னால் உருட்டிவிடுவார்கள். ஆற்றின் பெயரால் அது ஸ்பே வீச்சு. நுனியைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால்தான் ராடு வளைகிறது. அவர்கள் வைத்திருந்தவை கனத்த நீள ராடுகள். இப்போது 11 அடி நீளத்தில், 150 கிராமுக்குள், இரண்டு கையாலும் பிடிக்கிற ராடுகள் வருகின்றன. அரியாங்குப்பம் ஆற்றுக்கு அது போதும். மேல் கை தாங்கினால் போதும். கீழ்க் கை அடிப்பிடியை வயிற்றுப் பக்கம் சுருக்கென்று இழுக்க வேண்டும். தூரம் கிடைப்பது அந்த இழுப்பில்தான். மேல் கையால் முரட்டுத்தனமாகத் தள்ளினால் லைன் காலடியில் குவியும்.

ஸ்பே ஆறு ஒரே பக்கம் ஓடும். நம் முகத்துவாரத்தில் ஓதம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. காற்றும் மாறும்: விடியலில் நிலத்திலிருந்து, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து. தென்கரையில் ஆற்றைப் பார்த்து நின்றால் வற்றும்போது தண்ணீர் வலப்பக்கம் ஓடும். காலைக் காற்று இடமிருந்து வரும். அப்போது லைன் நுனி வலப்பக்கம் விழ வேண்டும். தண்ணீர் போகிற பக்கமே நுனி விழும் இந்த வீச்சு டபுள் ஸ்பே, வலக் கை மேலே. அதே வற்றத்தில் கடல்காற்று எழுந்துவிட்டால் நுனி இடப்பக்கம் போக வேண்டும். தண்ணீர் வருகிற பக்கம் நுனி விழும் இது சிங்கிள் ஸ்பே, இடக் கை மேலே. ஏற்றத்தில் கடல்காற்று அடித்தால் டபுள் ஸ்பே, ஆனால் அதுவும் இடக் கை மேலே. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடினாலும் நுனி காற்று போகிற பக்கம்தான் விழ வேண்டும். மாறி விழுந்தால் கொக்கி முகத்தைத் தேடி வரும்.

வீச்சுவலை போடும் அண்ணன் ஒருவர் என் வீச்சைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, காத்து போற பக்கம் விடுப்பா” என்றார். ஸ்பே என்ற பெயரையே கேட்டிராதவர். இந்த வித்தையில் முதல் விதி அதுதான், அவர் கைக்கு அது முன்பே தெரியும்.

வற்றத்தில் மடவைக் குஞ்சுகள் அலையாத்தி வேர்களை விட்டு வெளியே வரும். கொடுவா அங்கேதான் காத்திருக்கும். லைனைக் குறுக்கே போட்டு, ஓட்டம் அதை வளைத்துக் கரைக்குக் கொண்டுவரும்வரை இழுக்காமல் விடுங்கள். கடி பெரும்பாலும் அந்த வளைவின் கடைசியில் விழும். மெல்லிய ராடு பாரைக் குஞ்சுக்கும் சின்னக் கொடுவாவுக்கும் சரி. பெரிய கொடுவா நடமாடும் நாளில் கனத்த ராடு எடுங்கள். மெல்லிய ராடில் மீனை நெடுநேரம் அலைக்கழித்துவிட்டுத் திரும்ப விட்டால் அது பிழைப்பது கஷ்டம்.

பழக நினைப்பவர்கள் கொக்கியை வீட்டில் வைத்துவிட்டு, லைன் நுனியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் இடக் கையை மேலே வைத்துப் பழகுங்கள். வலக் கை தானாக வந்துவிடும். கண்ணாடி போடாமல் வீசாதீர்கள். படகு வரும்போது லைனைச் சுருட்டி வழி விடுங்கள்; அது அவர்கள் பிழைப்பு நடக்கிற தண்ணீர்.