அம்மாவின் இடக்கண்

மூன்று வாரங்களாக இப்பக்கத்தில் எழுத இயலவில்லை, பொறுத்தருள்க.

குளுவாங்கில் வாழும் என் அன்னையார் இளமையில் பால்மரம் வெட்டியவர். அவருடைய இடக்கண்ணில் கண்புரையும் கண்ணழுத்த நோயான குளுக்கோமாவும் ஒருங்கே இருந்தமையால், இரண்டிற்கும் ஒரே வேளையில் அறுவை செய்தனர். புரையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினர். கண்ணுள் சுரக்கும் நீர் வெளியேற வெண்விழியில் நுண்ணிய வடிகால் அமைத்தனர்.

அழுத்தம் கூடுவதே ஆபத்து என்று எண்ணியிருந்தேன். குறைந்தாலும் ஆபத்தாம். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கவேண்டிய அழுத்தம், வடிகாலில் நீர் மிகுதியாய் ஒழுகியதால் 4க்கு இறங்கியது. விழித்திரைக்குப் பின்னுள்ள படலத்தில் நீர் கோத்துப் பார்வை மங்கியது.

இதனை அம்மா மூன்று நாள் மறைத்திருக்கிறார். நாள்தோறும் தொலைபேசியில், "மணி என்னம்மா, முள் தெரிகிறதா?" என்பேன். சரியாகச் சொல்வார். மின்னல் பண்பலையில் நேரம் கேட்டுச் சொல்லியிருக்கிறார்!

"நீ லீவு எடுக்கணுமேன்னுதான்பா" என்றார்.

கரும்பலகை தெரியாத மாணவனை முகம் பார்த்தே அறிவேன் என்று கூறிக்கொள்பவன் நான்.

சொட்டு மருந்தும் ஓய்வுமாக அழுத்தம் 9க்கு ஏறியுள்ளது. குளுக்கோமா முன்பே பறித்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்கவே அந்த வடிகால். கண் சிவந்தாலோ வலித்தாலோ, ஆண்டுகள் கழிந்திருப்பினும், அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். அவ்வழியே கிருமி புகலாம்.

இப்போது வலக்கண்ணை மூடிக்கொண்டு நாள்காட்டியின் சிறிய எழுத்துகளைப் படிக்கச் சொல்கிறேன். நேற்று இராகுகாலத்தைப் பிழையின்றிப் படித்தார். அது அவருக்கு மனப்பாடம் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.