முகூர்த்தத்துக்கு முதல் நாள் இலை

ஆடி 11

ஆடியில் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஆவணி முகூர்த்தங்களுக்கான கணக்கை வீடுகளில் இப்போதுதான் போட ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கணக்கில் சத்தமில்லாமல் வீங்குவது முதல் நாள் இரவுச் சாப்பாடு. மண்டபத்தை முதல் நாள் பிற்பகலிலிருந்து மறுநாள் பிற்பகல் வரை வாடகைக்கு விடுகிறார்கள். அந்த மாலையைச் சும்மா விடுவானேன் என்று வரவேற்பு அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து இரு வீட்டாரும் முதன்முதலாக ஒன்றாக உண்ணவேண்டிய வேளை அது. இன்றோ மணமக்கள் மேடையில் மூன்று மணி நேரம் நின்று படத்துக்குச் சிரிக்கிறார்கள். தாய்மாமன் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறார். பெண்ணின் அப்பா கடைசிப் பந்தியில், ஆறிப்போன சாம்பாரோடு சாப்பிடுகிறார். ஒரு கல்யாணத்தில் ஊர் விருந்து ஒன்று போதும். முதல் நாள் இரவை, மறுநாள் வேலை செய்யப்போகிற நாற்பது பேருக்கு விட்டுவிட வேண்டும் என்பதே என் கட்சி.

வேலை என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. பல சமூகங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற முடிச்சுகளை நாத்தனார் போடுகிறாள். பொரியிட மணப்பெண்ணின் சகோதரன் வேண்டும். மாலையும் சீரும் தாய்மாமன் கையில். தாலி வைத்த தட்டைப் பெரியவர்களிடம் காட்டி ஆசி வாங்கிவர ஒருவர், பூட்டிய அறையின் சாவிக்கு ஒருவர், நாதஸ்வரக்காரர்களுக்கு விடியற்காலையில் காப்பி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒருவர். இவர்களில் பாதிப் பேருக்கு மற்றப் பாதியின் முகம் தெரியாது. அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஆடி 14

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் பலரும் பதார்த்தத்தில் கை வைக்கிறார்கள். சமையல் காண்ட்ராக்டில் கணக்கு இலைக்கு இவ்வளவு என்றுதான் ஓடுகிறது. ஐந்நூறு இலையில் ஒரு இனிப்பைக் குறைத்து மிச்சமாவதைவிட, இலையின் எண்ணிக்கையை நாற்பதாக்கினால் மிச்சமாவது எத்தனையோ மடங்கு. அப்புறம் அந்த நாற்பது இலைக்குத் தாராளமாகவே போடலாம். ஆள் குறைந்தால் அலங்கார மேடையும் ஒளிவிளக்கும் இசைக்குழுவும் கேட்காமலே கழன்றுவிடும்.

சின்ன விருந்து கஞ்சத்தனமாகத் தெரியாதா என்று கேட்பவர்களுக்குத் திருநெல்வேலியைக் காட்டுவேன். அங்கே சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள், நெருங்கிய உறவுக்காரர்கள் மட்டும் கூடிச் சாப்பிடுவது சொதி. தேங்காயை அரைத்து மூன்று பால் எடுப்பார்கள். கடைசிப் பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் வேகும். வெந்த பாசிப்பருப்பும் அரைத்த இஞ்சி பச்சைமிளகாயும் சேரும். கெட்டியான முதல் பாலை ஊற்றிக் கொதி வருமுன் இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவார்கள். தேங்காய்ப்பால் மந்தம் தட்டும் என்று தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். நான்கைந்து பேருக்கு ஒரு பெரிய தேங்காய் என்று வைத்தாலும் நாற்பது பேருக்குப் பத்துத் தேங்காய்தான். விலை உயர்ந்த பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் கல்யாணச் சாப்பாட்டுக்குச் சமமாக அதைப் பேசுவார்கள். அந்தப் பக்குவத்தை முதல் நாள் இரவுக்குக் கொண்டுவருவதில் எந்தக் குறையும் இல்லை. சொதி வேண்டாமென்றால் இடியாப்பமும் குருமாவும், ஒரு பாயசமும் போதும்.

ஆடி 17

மொய்தான் கனமான மறுப்பு. நாம் போய்ச் செய்துவிட்டு வந்த வீடுகளை அழைக்காமல் விட முடியாது. அது கொடுக்கல் வாங்கல், மரியாதை, பழைய கடன். அவர்களை விடச் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்கு அழைக்கலாம். வேலை நாளில் ஆறு மணி முகூர்த்தத்துக்குச் சென்னையில் யார் வருவார்கள் என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் கிடைக்காதவர்கள் வரவேற்பை மாலையிலேயே வைத்துக்கொள்ளட்டும். அப்போது காலைப் பந்தி நாற்பது பேருக்கானதாகச் சுருங்கட்டும். இரண்டு வேளையும் ஊரை அழைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். 2020 ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று அரசு வரம்பு வைத்தபோதும் தாலி ஏறியது, உறவு முறியவில்லை. அன்று கட்டாயம் இருந்ததால் கோபமில்லை என்பார்கள். உண்மைதான். அதனால்தான் பத்திரிகையிலேயே ஒரு வேளையை மட்டும் அச்சிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே பத்திரிகை என்றால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

இன்னொரு மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. நாற்பது இலைக்குப் பெரிய காண்ட்ராக்டர்கள் வரமாட்டார்கள். வேலை வீட்டு அடுப்பில், அத்தை, சித்தி, பெரியம்மா தலையில் விழும். மறுநாள் மூன்றரைக்கு எழுந்து குளித்துக் கோலம் போடவேண்டியவர்களும் அவர்களே. அவர்களுடைய உழைப்புக்கு விலை போடாமல் சிக்கனம் என்று பெயர் வைப்பது அநியாயம். ஆகவே மிச்சமான பணத்தின் முதல் செலவு சமையல்காரருக்கும் உதவியாள் இருவருக்கும் ஆகட்டும், கழுவித் துடைக்கிற கூலியும் சேர்த்து. ஏழு மணிக்கு இலை போட்டால் எட்டரைக்கு எடுத்துவிடலாம். முதல் பந்தியில் அந்தப் பெண்கள் உட்காரட்டும். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பரிமாறட்டும்.