முன்னின்று இழுக்கும் விசிறி

கடலோரத்தில் பிறந்தவர்கள் படகைக் கண்டால் அதன் முகப்பழகை நோக்குவர். என் கண்களோ முதலில் அதன் பின்புறத்தையே நாடும். எங்கள் ஊர் கீழக்கரை. நான் பள்ளியில் பயின்ற காலத்தில், சங்கு குளிக்கச் சென்ற என் தாய்மாமா, மூச்சு வாங்க மேலெழுந்த வேளையில், அருகே நகர்ந்த விசைப்படகின் சுழல்விசிறியில் சிக்கினார். வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் எஞ்சவில்லை. ஆயினும் அவர் எவரையும் பழித்ததில்லை. “அவன் முன்னால பார்த்துத்தான் ஓட்டினான். விசிறி பின்னாலல்ல இருந்துச்சு” என்பார். அந்த ஒரு வாக்கியம் இத்தனை ஆண்டுகளாக என்னுள் சுழன்றுகொண்டே இருக்கிறது.

2023-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரில் வாழும் என் தம்பியின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அந்நகருக்கு அருகே, டெக்சாஸின் கொலராடோ ஆற்றை மான்ஸ்ஃபீல்டு அணை தடுத்ததால் உருவான டிராவிஸ் ஏரி விரிந்து கிடக்கிறது. அண்டை வீட்டாருடன் சேர்ந்து ஒரு மோட்டார்ப் படகு வாங்கத் தம்பி எண்ணியிருந்தான். இரண்டு படகுகள் அவன் மனத்தில் இருந்தன. ஒன்றில் விசிறி பின்நோக்கியது, மற்றொன்றில் முன்நோக்கியது. “காக்கா, எதை வாங்கலாம்?” என்று கேட்டான். கலம், நாவாய், வங்கம், அம்பி, திமில் எனப் பெயர்களை அடுக்க மட்டுமே அறிந்த தமிழாசிரியன் நான். எனினும் மாமாவின் நினைவு, அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இடந்தரவில்லை. பொறியாளனாகிய தம்பியிடமும், படகுப் பட்டறையினரிடமும் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டேன்.

இவ்வகைப் படகில் எஞ்சின் உள்ளே, பின்புறச் சுவரை ஒட்டி அமைந்திருக்கும். அதன் விசையை நீருக்குள் கொண்டுசெல்லும் கால் போன்ற உறுப்பு வெளியே தொங்கும். இதனை ஸ்டெர்ன் டிரைவ் என்பர். சுவீடன் நாட்டு வால்வோ பென்டா நிறுவனம் 1959-இல் இதனை வணிக முறையில் வெற்றிபெறச் செய்தது. 1982-இல் அந்நிறுவனமே, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை விசிறிகளை இக்காலில் பொருத்தியது. இவையெல்லாம் காலின் பின்புறம் நின்று படகைத் தள்ளியவை. 2015-இல் விசிறிகளைக் காலின் முன்புறத்துக்குக் கொணர்ந்து, படகை இழுக்கச் செய்தது. 2020-இல் அமெரிக்காவின் மெர்குரி நிறுவனமும் அவ்வழியே வந்தது. தள்ளுவண்டிக்கும் மாட்டுவண்டிக்கும் உள்ள வேறுபாடு என்று நான் மனத்தில் பதித்துக்கொண்டேன்.

இம்மாற்றத்துக்குத் தூண்டுகோலாய் அமைந்தது ஒரு விளையாட்டு. படகின் அடிப்பகுதியில் நீரை நிரப்பிச் சுமையேற்றி, மெதுவாகச் செலுத்தினால் பின்னே பேரலை ஒன்று எழும். அவ்வலைமீது, கயிற்றையும் கைவிட்டுவிட்டு, பலகையில் நின்று சறுக்குவர். சறுக்குபவர் படகிலிருந்து சில அடித் தொலைவிலேயே இருப்பார். விசிறி பின்புறம் வெளியே சுழலும் படகில் இவ்விளையாட்டு உயிருக்கே ஆபத்தானது. விசிறி காலுக்கு முன்னே, படகின் அடிவயிற்றின்கீழ் சென்றுவிட்டால், சறுக்குபவருக்கும் அதற்கும் இடையே காலும் படகின் பின்பகுதியும் நிற்கும். என் தம்பி மகள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவ்வலையில் சறுக்க அவளுக்குத் தீராத ஆவல்.

வேறு நன்மைகளும் உண்டு. பின்புற விசிறிக்குக் கிடைப்பது, கால் ஏற்கெனவே கலக்கிவிட்ட நீர். முன்புற விசிறியோ கலங்காத நீரைப் பற்றுகிறது. ஆதலின் அதிர்வு குறைந்து பிடிப்பு மிகுகிறது. எஞ்சின் புகையை நீருக்கடியில் வெளியேற்றுவதால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சு, பின்னே சறுக்குபவரின் மூச்சில் கலப்பதும் குறையும்.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். பின்நோக்கிய அமைப்பில், மூழ்கிய மரமோ பாறையோ எதிர்ப்பட்டால் முதலில் அடிபடுவது காலின் முன்விளிம்பு. விசிறி அதன் மறைவில் இருக்கும். முன்நோக்கிய அமைப்பில் முதல் அடி விசிறிக்கே. டிராவிஸ் ஏரியில் இது வெறுங்கற்பனையன்று. ‘சிலவேளைத் தீவுகள்’ என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர் பெற்ற திட்டுகள் அங்கே உள்ளன. ஏரி நிரம்பினால் மறைந்து, வற்றினால் தலைகாட்டும் திட்டுகள் அவை. நான் சென்ற ஆண்டில் வறட்சியால் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. கரையோரப் பாறைகளைக் கண்டபோது, ஒரே மோதலில் இரு விசிறிகளும் வளைந்துபோகலாம் என்பது விளங்கிற்று. மேலும், விசிறி வாரி எறியும் நீர் காலின்மீதே உராய்ந்து செல்வதால் சிறிது விசை வீணாகும். விலையும் கூடுதல்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. விசிறியை முன்னே கொணர்ந்தவர்கள் ஆபத்தை ஒழித்துவிடவில்லை, அதனை இடம்மாற்றியிருக்கிறார்கள். பின்னே இருப்பவரிடமிருந்து எடுத்து, முன்னே உள்ள இரும்பின்மீது ஏற்றியிருக்கிறார்கள். வளைந்த விசிறிக்கு மாற்று, கடையில் கிடைக்கும். மாமாவின் காலுக்கு மாற்று எக்கடையிலும் கிடைக்கவில்லை. “முன்நோக்கியதையே வாங்கு. பாறைக்கு அஞ்சி மெதுவாக ஓட்டு” என்று தம்பியிடம் கூறினேன்.

அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் பேசி, இச்செய்தியை மாமாவிடம் பெருமிதத்தோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், “எல்லாம் சரிதான். புள்ளை தண்ணியில இறங்குறப்ப எஞ்சினை நிறுத்துவானா?” என்றார்.

என் ஆராய்ச்சி முழுவதும் அவ்வொரு வினாவின்முன் சிறுத்துப்போயிற்று. முன்நோக்கிய விசிறியும் விசிறியே, அதுவும் வெட்டும். ஓட்டுநரின் உடலோடு பிணைத்த கயிறு பிடுங்கப்பட்டால் எஞ்சின் தானே நின்றுவிடும் விசை அங்குள்ள படகுகளில் உண்டு. அது பொருத்தப்பட்ட, 26 அடிக்குக் குறைந்த படகுகளை விரைந்து செலுத்துகையில் அக்கயிற்றை அணிய வேண்டும் என 2021 ஏப்ரல் முதல் அமெரிக்கச் சட்டம் கூறுகிறது. ஆனால் ஓட்டுநர் இருக்கையிலேயே அமர்ந்திருக்க, பிள்ளை பின்னே நீரில் இறங்குமானால், அக்கயிறு எதையும் நிறுத்தாது. திரும்பிப் பார்க்கும் கழுத்தும், சாவியை அணைக்கும் கையும் மனிதனுடையவை.

தம்பி முன்நோக்கிய விசிறிப் படகையே வாங்கினான். மாமாவின் வினாவைத் தமிழில் எழுதிச் சுக்கானின் அருகே ஒட்டி வைத்திருக்கிறான். அவன் மகள் நீரில் இறங்குமுன் அதனை உரக்கப் படிப்பாளாம். எஞ்சின் ஒலி அடங்கிய பிறகே குதிப்பாளாம்.