தாழ்ப்பாள்

அரபு உரைநடையின் மேதை எனப் போற்றப்படும் அல்ஜாஹிழ் ஒன்பதாம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்தவர். விலங்குகளைப் பற்றி அவர் எழுதிய 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலின் தொடக்கப் பகுதிகளில் விசித்திரமான வழக்கு ஒன்று நடைபெறுகிறது. ஒரு பக்கம் நாய்க்காகப் பேசுபவர். மறு பக்கம் சேவலுக்காகப் பேசுபவர். மத்ரஸாவில் ஓதிய காலத்தில் உஸ்தாது அவர்கள் இதை எடுத்துரைத்தபோது நாம் சிரித்தது நினைவிருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த பின்னர் அதே வழக்கு நமது கொல்லைப்புறத்துக்கே வந்து சேர்ந்தது. தீர்ப்புச் சொல்ல அமர்ந்த நாமே குற்றவாளியாக எழுந்தோம். அதை எழுதுவதில் நமக்குப் பெருமை ஒன்றும் இல்லை. படிப்போர்க்குப் பயன் உண்டு என்பதால் எழுதுகிறோம்.

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் உள்ளது சென்னீர்குப்பம். நாம் இங்கே குடிவந்த நாளில் வீட்டுக்குப் பின்னால் வயலும் வரப்பும் இருந்தன. இன்று வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகிவிட்டன. ஆயினும் வீடு எழும்பாத மனைகள் இடையிடையே கிடக்கின்றன. அவற்றில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. ஊர் நகரமாகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் புதர்களில் வாழும் கீரிக்கும் பாம்புக்கும் மரநாய்க்கும் அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

நமது தமக்கையார் கணவரை இழந்த பின் நம்முடன் வசித்து வருகிறார். தம்பியின் வீட்டில் இருந்தாலும் தம்பியின் கையை எதிர்பார்த்து வாழ விரும்பாதவர். கொல்லையில் கோழி வளர்த்து, முட்டை விற்ற காசைச் சிறு தகரப் பெட்டியில் சேர்ப்பார். பேரப்பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு அதிலிருந்துதான். வெள்ளிக்கிழமைகளில் அவர் கொடுக்கும் ஸதகாவும் அதிலிருந்துதான். சென்ற மழைக்காலத்தில் அவரிடம் 14 பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன.

கோழிக்கூட்டின் கதவு தொய்ந்து, தாழ்ப்பாள் கழன்று விழுந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. இரவில் கதவைச் சாத்தி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைப்போம். கீழே கையளவு இடுக்கு இருக்கும். "தம்பி, ஆசாரியை அழைத்து அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக் கொடேன்" என்று தமக்கையார் மும்முறை கேட்டார். மூன்றாம் முறை நாம் சொன்ன பதில் இன்றும் நமது செவியில் உறுத்துகிறது. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான், அக்கா" என்றோம்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பின்னர் தவக்குல் வை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் உள்ளது. அதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்த நாவுதான் அந்தப் பதிலையும் சொன்னது. சோம்பலுக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

ஒரு மழையிரவு கழிந்து ஸுபுஹுக்கு எழுந்தபோது சேவலின் குரல் கேட்கவில்லை. தொழுகைக்கு எழுப்புவதால் சேவலை ஏசலாகாது என்று அபூதாவூதின் அறிவிப்பு ஒன்று சொல்கிறது. அதன் குரல் இல்லாத விடியல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அறிந்தோம். விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்றால் செங்கல் சற்றே நகர்ந்திருந்தது. உள்ளே சேவலும் ஒன்பது பெட்டைகளும் மாண்டு கிடந்தன. ஒரு பெட்டையைக் காணவே இல்லை. எஞ்சிய நான்கும் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. தமக்கையார் அழவில்லை. உயிரோடிருந்தவற்றை ஒவ்வொன்றாக முந்தானையில் ஏந்தி வீட்டுக்குள் கொண்டு போனார்.

நமக்கோ சினம் தலைக்கேறியது. இரண்டு வீடு தள்ளிப் பால் வியாபாரம் செய்யும் அண்டைவீட்டார் ஒருவர் இருக்கிறார். அவருடைய நாய் முந்திய வாரம் நமது வேலியோரம் மோப்பம் பிடித்து நின்றதைப் பார்த்திருந்தோம். அதுவே போதுமான சாட்சியாகத் தோன்றிற்று. அத்துடன் சட்டமும் நினைவுக்கு வந்தது. பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து பாழ்படுத்தியபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் கடமை, இரவில் கால்நடையைக் காப்பது அதற்குரியவர் கடமை என்று பெருமானார் (ஸல்) தீர்ப்பளித்ததாக முவத்தாவிலும் அபூதாவூதிலும் காணலாம். கூட்டின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் முன்பே நாம் கிதாபின் வாசகத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அவர் வாசலில் நின்று உரத்த குரலில் பேசினோம். "பாய், ராத்திரி முழுக்க அது சங்கிலியில்தான் இருந்தது" என்றார் அவர். நாம் ஏற்கவில்லை. கூட்டம் கூடிற்று. மேலும் பேசாமல் அவர் உள்ளே சென்று 1,000 ரூபாயைக் கொண்டுவந்து நீட்டினார். நாமும் வாங்கிக்கொண்டோம்.

தமக்கையாரிடம் அதைக் கொடுத்தபோது அவர் கைநீட்டவில்லை. "விசாரித்தாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் எச்சரிக்கிறது. அந்த வசனத்தை நாம் ஓதியவர். அவர் அதன்படி நடப்பவர்.

அன்று பக்கத்து மனையில் புதர் வெட்ட இருளர் முதியவர் ஒருவர் வந்திருந்தார். செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பகுதிகளில் வாழும் இருளர் மக்கள் பாம்பையும் எலியையும் தடம் பார்த்துப் பிடிப்பதில் இணையற்றவர்கள். 1978இல் வடநெம்மேலியில் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அத்தகைய அறிவுடைய மரபில் வந்த அம்முதியவரைத் தமக்கையார் கொல்லைக்கு அழைத்து வந்தார்.

அவர் ஈர மண்ணில் குந்தி அமர்ந்து சிறிது நேரம் பார்த்தார். "நாய்க்கு நாலு விரல்தான் பதியும், ஐயா. இது அஞ்சு" என்றார். பின்னர் அந்த இடுக்கைக் காட்டி, "இதில் அந்த நாயின் தலையாவது நுழையுமா?" என்று கேட்டார். கீரியோ என்று நாம் கேட்டோம். கீரி பகல் திருடன் என்றார். கூட்டின் மேல் சாய்ந்திருந்த முருங்கைக் கிளையையும் நமது ஓட்டுக் கூரையையும் காட்டி, "மரநாய். இப்படித்தான் இறங்கியிருக்கும்" என்று முடித்தார்.

மரநாய் பெயரில் மட்டுமே நாய். புனுகுப்பூனை இனத்தைச் சேர்ந்த அது பகலெல்லாம் பனைமரத்திலும் பழைய கூரையிலும் உறங்கி, இரவில் பழத்தையும் எலியையும் தேடித் திரியும்; வழி திறந்திருந்தால் கோழியையும் பிடிக்கும். அடைபட்ட இடத்தில் பறவைகள் படபடத்தால் இத்தகைய விலங்குகள் பசியின் அளவோடு நிற்பதில்லை. துடிப்பது ஒவ்வொன்றையும் கடிக்கும். அது கொடுமையன்று, அதன் இயல்பு. கோழிக்கோ இருளில் கண் தெரியாது. ஓடவும் அறியாமல் உட்கார்ந்த இடத்திலேயே மாளும். இரண்டின் இயல்பையும் அறிந்து இடையில் ஒரு கதவு வைக்கும் அறிவு மனிதனுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. அக்கதவைத்தான் நாம் செங்கல்லிடம் ஒப்படைத்திருந்தோம்.

மஃரிபுக்கு முன்னரே பால்காரர் வீட்டுக்குச் சென்றோம். காலையில் கூடிய கூட்டம் அப்போது இல்லை; ஆகவே தெருவில் நின்றவர்களை நாமே அழைத்து, அவர்கள் முன்னிலையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். பழியைப் பலர் அறியச் சுமத்திவிட்டு மன்னிப்பை மட்டும் மறைவில் கேட்பது நீதியாகாது. அவர் பணத்தை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டு, "கோழி போன வருத்தம் பாய், யாருக்கும் வரும்" என்றார். அந்தப் பெருந்தன்மையை எந்தக் கிதாபிலும் அவர் ஓதியிருக்கவில்லை.

தெரு இளைஞர் ஒருவர் வேறொரு யோசனை சொன்னார். "ஹஜ்ரத், கறித்துண்டில் மருந்து வைத்தால் இரண்டே நாளில் தொல்லை தீர்ந்துவிடும்" என்றார். நமது உள்ளம் ஒரு கணம் அதன்பால் சாய்ந்தது. தமக்கையார்தான் தடுத்தார். "பூனை தின்னும், காக்கை தின்னும், அந்தப் பால்காரர் வீட்டு நாயும் தின்னும். குற்றவாளி யாரென்று விஷம் கேட்குமா, தம்பி?" என்றார்.

பருந்து, காகம், எலி, தேள், கடிநாய் ஆகிய ஐந்தையும் இஹ்ராமில் இருப்பவரும் கொல்லலாம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் வந்திருக்கிறதே என்று கேட்பவர் உண்டு. உண்மை. தீங்கு செய்வதைத் தடுக்க அது ஓர் அனுமதி. ஆனால் பொழுது சாயும்போது அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவுகளை அடையுங்கள் என்று ஜாபிர் (ரலி) வாயிலாக அதே இரு நூல்களிலும் வந்திருப்பது கட்டளை. கட்டளையை விட்டுவிட்டு அனுமதியைத் தேடி ஓடுவது எந்த வகை மார்க்க அறிவு? குஞ்சுகளைப் பிடித்துக்கொண்ட தோழர்களின் தலைக்கு மேல் தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தபோது, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன கருணை நபியின் உம்மத்து நாம். இந்நாட்டின் சட்டமும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், மரநாயையும் கீரியையும் கொல்வதைக் குற்றமாக்கியிருக்கிறது.

ஆகவே கொல்வதை விட்டுக் காப்பதில் இறங்கினோம். ஆசாரி வந்தார். கூட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திச் செங்கல் தூண்மீது அமைத்தோம். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, பகையை வெளியே நிறுத்தாது. நாய் அதைக் கடித்தே கிழித்துவிடும். அதனால் அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த இரும்பு வலையை அடித்தோம். பகலில் கோழிகள் உலவும் அடைப்பைச் சுற்றி அதே வலையை ஓரடி ஆழம் மண்ணில் புதைத்து வெளிப்புறமாக மடக்கினோம். சுவரோரம் தோண்டும் விலங்கு அங்கே தோண்டி, வலையில் முட்டித் திரும்பும். முருங்கைக் கிளையை வெட்டினோம். கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள்கள்.

மற்றவை தமக்கையாரின் வழக்கங்கள். முட்டையை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். சிந்திய தீனியை இரவில் விட்டுவைக்கலாகாது. தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். குஞ்சுகளை முதல் சில வாரங்கள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும்; பருந்துக்கும் காகத்துக்கும் அது போதும். பொழுது சாயும்போது கோழிகள் தாமே கூடு திரும்பும். அப்போது எண்ணிக் கதவடைக்க வேண்டும். மாலையில் வேலியோரம் வெருகு வரக் கண்டு, வீட்டுக் கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சியைக் குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். வெருகு என்பது காட்டுப்பூனை. மாலைப் பொழுதின் அச்சம் கோழிக்கு அன்றும் இன்றும் ஒன்றே. வானில் வரும் பகைக்கு ஒரு குரலும், தரையில் வரும் பகைக்கு வேறொரு குரலும் கோழியினம் எழுப்புவதை ஆய்வாளரும் கண்டறிந்துள்ளனர். கோழி தன் கடமையைச் செய்கிறது. அக்குரலைக் கேட்டு எழுந்து செல்ல வேண்டியவர் நாமே.

நம்மவர்க்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். குர்பானி நாட்களில் கழிவைக் காலி மனையில் எறிந்துவிட்டு வருகிறோம். இறைச்சிக் கடைக் கழிவும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. தெருநாயும் பருந்தும் அதை உண்டு பெருகுகின்றன. பின்னர் அவை நமது முற்றத்துக் குஞ்சைத் தூக்கினால் அவற்றைச் சபிக்கிறோம். விருந்து வைத்து அழைத்தவர் யார்? கழிவை ஆழப் புதைப்பதும் கோழியைக் காப்பதில் ஒரு பகுதியே.

ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பில் உள்ளவை குறித்து ஒவ்வொருவரும் கேட்கப்படுவர் என்ற நபிமொழியை நாட்டை ஆள்வோர்க்கும் குடும்பத் தலைவர்க்கும் பொருத்தி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். 14 பெட்டைகளும் ஒரு சேவலும் அதில் அடங்கும் என்று அப்போது நமக்குத் தோன்றவில்லை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் செய்தியைப் புகாரியில் படிக்கும்போது அவளுடைய கல்நெஞ்சத்தை எண்ணி வியப்போம். அடைத்து வைத்த உயிருக்குத் தப்பும் வழி இல்லை. ஆகவே அடைத்தவரே அதற்குக் காவல் என்பதன்றோ அதன் படிப்பினை!

இப்போது தமக்கையாரிடம் 11 பெட்டைகள் இருக்கின்றன. பால்காரர் தம் உறவினர் ஊரிலிருந்து ஒரு சேவற்குஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தார். அது வளர்ந்து கூவத் தொடங்கிவிட்டது. மஃரிபு பாங்குக்கு முன் கோழிகளை எண்ணி, பிஸ்மில்லாஹ் சொல்லி இரு தாழ்ப்பாள்களையும் இடுவது இப்போது நமது வேலை. மரநாய் இன்னும் சில இரவுகளில் கூரைமீது நடக்கும் ஓசை கேட்கிறது. அதன் இரையை அல்லாஹ் வேறெங்கோ வைத்திருக்கிறான். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று இன்றும் சொல்கிறோம். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்த பின்னர்.